முன்கால்களில் ஒரு விரற்கடை

மார்ச் 4

தம்பிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன். நேற்றுப் போனை வைத்த பிறகு பட்டறையில் இழைப்புளியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா நின்றிருந்தேன். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் திட்டினால் யாரும் குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி. பாடப்புத்தகத்துக்குப் பிழை திருத்துகிற உத்தியோகம் உனக்கு. என் கடிதத்திலும் சிவப்புப் பேனாவை வைத்துவிடாதே.

வரும் எட்டாம் தேதி காலையில் வண்டி வரும். புது நாற்காலியை இறக்கிவிட்டு, அப்பாவின் நாற்காலியை ஏற்றிக்கொண்டு நேரே மியூசியத்துக்குப் போவார்கள். புதியதும் பழையதும் இரட்டைப் பிள்ளைகள். அதே வரைபடம், அதே தேக்கு, ஒரு நூல் அளவுகூடப் பிசகாது. அப்பாவுக்கு வித்தியாசமே தெரியாது.

புதியதையே மியூசியத்துக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டாய். நானும் அதைத்தான் கேட்டேன். கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பக்கவாதம் வந்த ஒரு மனிதர் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுந்த நாற்காலிதான் வேண்டுமாம். அந்தத் தேய்மானத்தை யாராலும் செய்து தர முடியாது என்கிறார்.

பதினேழு வருடமாக மேஜை, கட்டில், அலமாரி என்று செய்துகொண்டிருக்கிறேன். "நல்லா உழைக்குதுங்க" என்பார்கள். நல்ல வார்த்தைதான், குறை சொல்லவில்லை. ஆனால் என்னோடு படித்தவர்கள் சிலை செய்து பேர் வாங்கிக்கொண்டிருந்தபோது நான் வெறும் "ஃபர்னிச்சர் பண்றவ". இப்போதுதான் ஒருவர் என் வரைபடத்தையும் அன்று எடுத்த புகைப்படத்தையும் பார்த்துவிட்டு, இது கலை என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாதக் கண்காட்சி. பிடித்துப்போனால் நிரந்தரமாகவே வைத்துக்கொள்வார்கள். எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உன்னிடம் கெஞ்சிச் சொல்ல வேண்டியிருக்கிறது பார், அதுதான் எரிச்சல்.

ஒரே ஒரு வேண்டுகோள். புது நாற்காலியில் கை வைக்காதே. ஆணி, பசை, கட்டை ஒன்றும் வேண்டாம். சாப்பாட்டு மேஜை விவகாரம் ஞாபகம் இருக்கட்டும்.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

சாப்பாட்டு மேஜை எப்படி மறக்கும்? நீ செய்த மேஜை ஆடுகிறதே என்று அடியில் ஒரே ஒரு ஆணி அடித்தேன். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை நீ.

சொன்னபடி எட்டாம் தேதி வந்தார்கள். மூன்று பேர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, நாற்காலியை மெத்தென்ற துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார்கள். மருத்துவமனையில் அப்பாவைக்கூட யாரும் அப்படித் தூக்கியதில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கடா கொண்டு போறாங்க?"

"கண்காட்சிக்குப்பா. அக்கா பேர் போட்டு வைக்கப் போறாங்க."

"யாரு உக்காரப் போறா?"

"யாரும் உக்காரக் கூடாதாம்."

அப்பா சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் சிரித்தால் வாயின் ஒரு பக்கம்தான் மேலே போகும். நானும் சிரித்தேன். அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

புது நாற்காலி அழகாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் நாலு நாளாக அப்பா அதிலிருந்து ஒருமுறைகூடத் தானாக எழவில்லை. இடது கையை நீட்டுகிறார், அது காற்றில் எதையோ தேடுகிறது, முன்னால் சாய்கிறார், மறுபடி பின்னால் விழுகிறார். நான் தூக்கப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். காலையில் உட்கார்ந்தவர் மாலைவரை அப்படியே இருக்கிறார். கழிவறைக்குக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் என் தோளைப் பிடிக்கிறார்.

பிசியோதெரபி அம்மா வந்து பார்த்ததும் அவர் முகம் மாறிப்போனது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தானாக எழுந்து நிற்க வேண்டுமாம். ஒன்றரை மாதம் எழாமல் விட்டுவிட்டால் கால் மறந்துவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் திரும்பாது என்று சொன்னார். எட்டாம் தேதியிலிருந்து எண்ணினால் ஏப்ரல் இருபத்திரண்டு. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

பழையதைத் திருப்பி வாங்க முடியுமா? இன்னொரு விஷயமும் உன்னிடம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒருவேளை இதற்குள் நீயே பார்த்திருப்பாய்.

தம்பி

*

மார்ச் 17

தம்பி,

பார்த்தேன்.

பெட்டியைப் பிரித்தபோது நான், பொறுப்பாளர் அம்மா, இரண்டு பணியாளர்கள் நின்றிருந்தோம். துணி விலகியது. முன்கால்கள் இரண்டும் அறுபட்டிருந்தன. அந்தக் கால்கள் தரையைத் தொடும் இடத்தில் ஒரு வளைவு வைத்திருந்தேன். அது சரியாக வர பதினோரு நாள் ஆனது. அதன் நுனியைக் காணோம். இடது கைச்சட்டத்தின் மேல் எங்கிருந்தோ ஒரு பழைய அலமாரிக் கதவின் இரும்புக் கைப்பிடி. மூன்று ஸ்க்ரூ, மூன்றும் மூன்று சாதி. ஒன்று கோணலாக ஏறியிருக்கிறது. நீ எதிரில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

வாயைத் திறந்து "இது என் வேலை இல்லை" என்று சொல்லப் போனேன். அதற்குள் பொறுப்பாளர் அம்மா கைப்பிடியின் பக்கத்தில் குனிந்து, கண் கலங்கி நிற்கிறார். "எவ்வளவு தைரியம் உங்களுக்கு!" என்கிறார். "இவ்வளவு அழகான கோட்டை நீங்களே வெட்டியிருக்கீங்களே! பொருளா, கலையான்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்."

நான் தலையை ஆட்டினேன் தம்பி. இப்போது சுவரில் அட்டை அடித்து மாட்டிவிட்டார்கள். "கலைஞர் தன் படைப்பின் நேர்த்தியைத் தானே காயப்படுத்துகிறார்" என்று எழுதியிருக்கிறது. கீழே என் பெயர். திறப்பு விழாவில் என்னோடு படித்த சிற்பி ஒருவன் வந்து கையைக் குலுக்கினான். "நாங்க எல்லாம் பயந்த வேலைய நீ பண்ணிட்ட" என்றான். சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சந்தோஷப்பட்டதை நினைத்தால் காது சுடுகிறது.

ஏன் செய்தாய்? செய்ததை ஏன் சொல்லவில்லை? அதைச் சொல் முதலில்.

அப்பாவுக்குப் புதியது பழகிவிடும். நாலு நாளில் எதுவும் தெரியாது. கொஞ்சம் பொறு.

அக்கா

*

மார்ச் 23

அக்காவுக்கு,

நாலு நாள் இப்போது பதினைந்து நாளாகிவிட்டது. பழகவில்லை.

ஏன் செய்தேன் என்றா கேட்கிறாய்? நீ நாற்காலியை அனுப்பினாய், கூடவே வந்து பார்க்கவில்லை. இரண்டு வருடமாக வீட்டுப் பக்கமே தலை காட்டவில்லை. நாற்காலி வந்த புதிதில் அப்பா அதிலிருந்து எழவில்லை, உனக்குத் தெரியுமா? போனில் நீ கேட்டபோதெல்லாம் "சூப்பரா இருக்கும்மா" என்றார். மகள் மனசு நோகக் கூடாதாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

அப்போதுதான் அந்த இடது கையைக் கவனித்தேன். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் இருக்கிற கம்பியைப் பிடித்து ஒரு இழுப்பு, அப்படியே எழுவார். கை அந்தக் கம்பியைத்தான் தேடுகிறது. சமையலறை அலமாரியிலிருந்து கைப்பிடியைக் கழற்றினேன். முதலில் கயிற்றால் கட்டி, அவரைப் பிடிக்கச் சொல்லி, கொஞ்சம் முன்னால், கொஞ்சம் மேலே என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். இடம் சரியாக அமைய மூன்று வாரம். அப்புறம்தான் ஸ்க்ரூ. கோணலாக ஏறியது உண்மை. நான் என்ன உன்னை மாதிரித் தச்சுப் படித்தவனா?

கால் விஷயமும் அப்படித்தான். இருக்கை முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் எழச் சுலபம் என்று பிசியோதெரபி அம்மா சொன்னார். பின்கால்களுக்கு அடியில் கட்டை வைத்தேன், வழுக்கியது. அதனால் முன்கால்களை உப்புத்தாளால் தேய்த்தேன், பிறகு ரம்பம். ஒரு நூல் அறுப்பேன், மூன்று வாரம் உட்கார்ந்து பார்ப்பார். இன்னொரு நூல். இப்படி ஐந்து மாதம். எதையும் அளந்து எழுதி வைக்கவில்லை. அவர் உடம்புதான் அளவு.

நீ கோபித்துக்கொள்வாய் என்று மறைத்தேன். வண்டி வந்த அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். நீ மறுபடி எட்டு மாதம் பேசாமல் போவாய் என்ற பயம். தப்பு என்னுடையதுதான்.

நேற்று அவரைக் கேட்காமல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். "என்ன மூட்டையாடா தூக்கற?" என்று கத்தினார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டவர், மத்தியானம் சாப்பிடவில்லை.

தம்பி

*

மார்ச் 27

தம்பி,

படித்தேன். "சூப்பரா இருக்கும்மா" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

சரி. புதியதை அறு. நான் சொல்கிறேன், அறு. கைப்பிடிக்கு எதையாவது பொருத்து. அளவு எடுத்து அனுப்பலாம் என்று மியூசியத்துக்குப் போனேன். நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அளவு எடுக்க மனு கொடுக்க வேண்டுமாம், குழு கூடி முடிவு செய்யுமாம். "நான்தாங்க செஞ்சேன்" என்றேன். "அது பரவால்ல மேடம், ஆனா இப்ப அது காட்சிப் பொருள்" என்கிறார் காவலுக்கு நிற்கிற அம்மா. மனு கொடுத்திருக்கிறேன். தினமும் கேட்கிறேன்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணால் அளந்ததில், முன்கால்கள் ஒரு விரற்கடைக்கு, ஒரு விரல் அகலத்துக்கு, கொஞ்சம் கூடவே குறைந்திருக்கின்றன. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பார்த்து, பயந்து பயந்து அறு.

அக்கா

*

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

முந்தாநாள் போனில் நான் அழுதது உனக்குப் புரிந்திருக்காது. நீயும் கத்தினாய், நானும் கத்தினேன், பாதியில் வைத்துவிட்டோம். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அறுத்தேன். நீ சொன்ன ஒரு விரற்கடை. ஐந்து மாதத்தில் செய்ததை ஒரே காலைப் பொழுதில் செய்தேன். காலண்டர் வட்டம் கண்ணிலேயே நின்றது, பொறுமை இல்லை. ஒரு கால் மற்றதைவிட இரண்டு நூல் கட்டையாகிவிட்டது. அடியில் அட்டையை மடித்து வைத்தேன். கைப்பிடிக்கு ஜோடியில்லை, கடையில் புதிது வாங்கினேன், அது பளபளவென்று வழுவழுப்பாக இருக்கிறது. அப்பாவை எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்கிறார். முன்பெல்லாம் அவர்தான் சொல்லிச் சொல்லி அறுக்க வைத்தார். இப்போது நானே குருட்டாம்போக்கில் அறுத்தேன்.

எழுந்தார் அக்கா. முக்கால்வாசி எழுந்துவிட்டார். அட்டை நழுவியது, நாற்காலி ஆடியது, கை வழுக்கியது. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். பிடிக்க முடியவில்லை.

எலும்பு முறியவில்லை. இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது. ஆனால் இப்போது எந்த நாற்காலியில் உட்காரவும் பயப்படுகிறார். கட்டிலிலேயே கிடக்கிறார். காலைப் பிடித்துப் பார்த்தேன், கெண்டைச் சதை என் மணிக்கட்டு அளவுக்கு வந்துவிட்டது.

இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. உன் பேர், உன் கண்காட்சி எல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்துகொண்டேதான் கேட்கிறேன். அந்த நாற்காலியை அனுப்பு.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பி,

நாற்காலி கிளம்பிவிட்டது. சாதாரண லாரிதான், கையுறை கிடையாது. ஐந்து நாளில் வந்துவிடும். எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் நேரே பொறுப்பாளர் அம்மாவிடம் போனேன். நீங்கள் எதைப் பாராட்டினீர்களோ அது எதையும் நான் செய்யவில்லை, என் தம்பி செய்தான், எங்கள் அப்பா எழுவதற்காகச் செய்தான், அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் அயோக்கியத்தனம் என்றேன். சொல்லிவிட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இது இன்னும் அற்புதமா இருக்கே! மூணு பேரோட படைப்பு. அட்டைய மாத்தி எழுதிடறேன்" என்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பா விழுந்ததைச் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். கெட்டவர் இல்லை. ஆனால் ஒப்பந்தப்படி கண்காட்சி முடியும்வரை அவரால்கூட எடுக்க முடியாதாம். பார்வையாளர் யாராவது தொட்டுச் சேதம் செய்தால் மட்டும் சோதனைக்கு உள்ளே எடுப்பார்களாம்.

அவர் அதைச் சொன்னபோது என்ன நினைத்துச் சொன்னாரோ தெரியாது. நான் கீழே இறங்கி வந்தேன். கூட்டம் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். கயிற்றைத் தாண்டினேன். உட்கார்ந்தேன்.

காவல் அம்மா ஓடிவந்தார். "மேடம், எழுந்திருங்க! அது உக்கார்ற நாற்காலி இல்ல!" பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

எழுந்திருக்கத்தானே நானும் உட்கார்ந்தேன். அப்பாவைப் போல வலது காலையும் வலது கையையும் தளர்த்தி, செத்த மாதிரி விட்டுவிட்டேன். இடது கையை நீட்டினேன். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இருக்கை என்னை முன்னால் தள்ளியது. இழுத்தேன், எழுந்துவிட்டேன். என் வரைபடத்தில் இருந்த நாற்காலியில் நான் ஒருநாளும் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை தம்பி. இரண்டு காலும் இரண்டு கையும் நன்றாக இருக்கிறவளாக உட்கார்ந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று முடிவு செய்து அனுப்பியிருக்கிறேன்.

சேதம் போதாது என்று பட்டது. பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கைப்பிடியின் கோணல் ஸ்க்ரூவைக் கழற்றி அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். அப்புறம் என்னென்னவோ நடந்தது. நிறையத் தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தை ரத்து செய்து நாற்காலியை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். நிரந்தரத் தொகுப்பு என்ற பேச்சு இல்லை. இனிமேல் அங்கே என் வேலை எதுவும் வைக்கப்படாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். சிற்பி நண்பன் போன் செய்து, "விளம்பரத்துக்குப் பண்ணினியா?" என்று கேட்டான்.

வருத்தமாகத்தான் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அந்த ஸ்க்ரூவைத் தனியே தாளில் மடித்து நாற்காலிக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். வந்ததும் நீயே போடு.

அக்கா

*

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

நேற்று வந்தது. ஸ்க்ரூவைப் போட்டேன்.

அப்பா கட்டிலிலிருந்து நாற்காலியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே "வைடா" என்றார். உட்கார்ந்ததும் இடது கை தேடவே இல்லை, நேரே கைப்பிடிக்குப் போனது.

எழவில்லை, அக்கா.

பாதிவரை வந்தார். கால் நடுங்கியது. உட்கார்ந்துவிட்டார். ஆறு தடவை முயற்சி செய்தார். நாற்காலி அதேதான், கால்தான் பழைய கால் இல்லை. பிசியோதெரபி அம்மா இன்று காலையில் வந்து சோதித்துவிட்டு, சாய்வு இன்னும் ஒரு விரற்கடை கூடினால் இருக்கிற பலத்துக்கு எழ வாய்ப்பு உண்டு, எழ ஆரம்பித்துவிட்டால் சதை மெல்லத் திரும்பும் என்றார். உறுதியாகச் சொல்லவில்லை. இன்னும் ஏழு நாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பா தனக்கு என்ன வேண்டும் என்று அவரே சொன்னார். "முன்னால தாழ்த்துடா" என்றார்.

ரம்பம் மேஜைமேல் இருக்கிறது. என்னால் எடுக்க முடியவில்லை. இந்த நாற்காலியில் முன்பு நான் அறுத்தது அந்த வளைவின் நுனியை. இப்போது ஒரு விரற்கடை என்றால் வளைவே மிச்சமிருக்காது, வெறும் கட்டைக்கால் ஆகிவிடும். நீ பதினோரு நாள் செய்தது. அறுத்துவிட்டால் ஒட்ட முடியாது. அறுத்தும் அப்பா எழவில்லை என்றால் இரண்டுமே போய்விடும். முன்பு கேட்காமல் செய்தேன், இந்தத் தடவை கேட்காமல் செய்யமாட்டேன்.

போனில் கேட்டால் அவசரத்தில் சரி என்பாய், அப்புறம் மனசுக்குள் வைத்திருப்பாய். அதனால் கூரியரில் அனுப்புகிறேன். எழுத்தில் சொல். இல்லை, நீயே வந்து உன் கையால் அறுக்கிறாயா?

தம்பி

*

ஏப்ரல் 17

தம்பி,

அறு. எனக்காகக் காத்திருக்காதே. ரயிலில் திங்கட்கிழமை காலையில்தான் இடம் கிடைத்திருக்கிறது, அதுவரை மூன்று நாள் வீணாகும். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே ஆரம்பி.

கோடு போடும்போது காலைச் சுற்றி நாலு பக்கமும் போடு. கோட்டின்மேல் காகித டேப்பை இறுக்கிச் சுற்று, மரம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்யாது. ரம்பத்தை அழுத்தாதே, அதன் எடைக்கே விடு. ஒரே வெட்டில் ஒரு விரற்கடை வேண்டாம். இரண்டு நூல் அறு, இரண்டு காலையும் சமம் பார், அப்பாவை உட்கார வை, அவர் சொல்வதைக் கேள். பிறகு அடுத்தது. உன் பழைய முறைதான். ஐந்து மாதத்தை மூன்று நாளில் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வளைவைப் பற்றி நினைக்காதே. நானும் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வரியை நாலு தடவை அடித்துவிட்டு எழுதுகிறேன். அவர் எழாவிட்டால், நான் அந்த நாற்காலியைக் கேட்ட நாளிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அதை நீ சொல்லமாட்டாய், அப்பாவும் சொல்லமாட்டார். அதனால் நானே சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து மணியை அடிப்பேன். நீ வீட்டில்தான் இருப்பாய், காலடிச் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் நீ வராதே. மகள் வந்திருக்கிறாள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, இரண்டடி தள்ளி நில், விழாமல் பார்த்துக்கொள். கதவை மட்டும் நீ திறந்துவிடாதே, அவர் எழுந்து வந்து திறக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் சரி, நான் வாசலில் நிற்கிறேன்.

அக்கா